வேம்பு முருங்கை அல்ல: தோட்டக்காரர் வேலையும் மர வல்லுநர் வேலையும்

எங்கள் வீட்டு வாசலில் ஒரு வேம்பு நிற்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் அடித்த காற்றில், எங்கள் தெருவில் மயில்கொன்றை, தூங்குமூஞ்சி என்று ஆறேழு மரங்கள் வேரோடு சாய்ந்தன. வேம்பு மட்டும் இரண்டு சின்னக் கிளைகளை உதிர்த்துவிட்டு அப்படியே நின்றது. அதற்கு நாங்கள் கொடுத்த பரிசு, அடுத்த ஆண்டு அதன் தலையை எடுத்ததுதான்.

ஐப்பசி நெருங்கியதும் வீட்டில் எல்லோருக்கும் பயம் வந்துவிட்டது. வாரம் ஒருமுறை வந்து செடிகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டக்காரப் பெரியவரிடம் கேட்டோம். அவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். “சும்மா விட்டா காத்துக்குத் தாங்காது சார். மொட்டை அடிச்சு விட்டுடலாம். நாலே மாசத்துல குடை மாதிரி வந்துரும்” என்றார். சொன்னபடியே வந்தது. பச்சைப் பசேலென்று அடர்த்தியான குடை. நாங்களும் மகிழ்ந்துபோய் அவருக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தோம். ஏழு வருடம் கழித்து, புயலோ சூறாவளியோ இல்லாத ஒரு சாதாரண மழை நாளில், அந்தக் குடையின் ஒரு கம்பி, தொடை கனத்துக் கிளை ஒன்று, பக்கத்து வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் மேல் விழுந்தது.

முறிந்த இடத்தை அருகில் போய்ப் பார்த்தேன். அவ்வளவு பெரிய கிளை, தண்டின் ஓரத்தில் ஒரு மெல்லிய விளிம்பில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதற்குப் பின்னால் இருந்த கட்டை பழுப்பேறி, விரலால் அழுத்தினால் மாவாக உதிர்ந்தது. ஏழு வருடத்துக்கு முன் மொட்டையடித்த அதே இடம்.

பெரியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கைபட்டால் பட்டுப்போன ரோஜாவும் துளிர்க்கும். ஆனால் செடி வளர்க்கத் தெரிந்த ஒருவருக்கு மரம் பராமரிக்கவும் தெரிந்திருக்கும் என்று நாமாகவே முடிவு செய்துகொள்கிறோமே, அதில்தான் கோளாறு. இரண்டும் வேறு வேறு வேலை. எப்படி வேறு என்று எனக்குப் புரிந்த அளவில் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

முருங்கைக் கண்

முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும் என்பது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஆண்டுக்கு ஒருமுறை இடுப்பு உயரத்துக்கு வெட்டிவிட்டால் அது இரண்டு பங்கு வேகத்தில் எழுந்து காய்த்துத் தள்ளும். ரோஜாவும் மல்லிகையும் கவாத்து செய்தால்தான் நன்றாகப் பூக்கும். செம்பருத்தி வேலியை மாதம் ஒருமுறை கத்தரித்தால்தான் பார்க்கும்படி இருக்கும். தோட்டக்காரரின் கை இதிலெல்லாம் பழகியது. வெட்டினால் துளிர்க்கும், துளிர்த்தால் நல்லது என்பது அவருடைய அனுபவம். அது பொய்யும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. தோட்டத்தில் தவறு நடந்தால் அடுத்த மாதமே தெரிந்துவிடும். உரம் கூடிப்போனால் இலை கருகும், தண்ணீர் கூடினால் வேர் அழுகும். ஒரு செடி போனாலும் நாற்றங்காலில் நூறு ரூபாய்க்கு இன்னொன்று வாங்கி நட்டுக்கொள்ளலாம். பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொள்ள இடம் உண்டு. தோட்டக்காரர்கள் கைப்பழக்கத்திலேயே பெரிய நிபுணர்களாவது இதனால்தான்.

மரத்தில் அப்படித் திருத்திக்கொள்ள முடியாது. இன்று போட்ட வெட்டு தவறு என்பது ஏழு, பத்து, சில சமயம் இருபது வருடம் கழித்துத்தான் தெரியவரும். அதற்குள் வெட்டியவர் வேறு ஊருக்குப் போயிருப்பார், வீடு கைமாறியிருக்கும். விழுந்த மரத்தைப் பார்த்து “வயசாகிவிட்டது” என்று சொல்லிவிடுவோம். செய்தவருக்குத் தன் தவறு கண்ணில் படவே படாத ஒரு வேலையை வெறும் அனுபவத்தால் கற்றுக்கொள்ள முடியாது. அதனால்தான் இதற்கென்று ஒரு தனிப் படிப்பும் தனித் தொழிலும் உண்டாயின. ஆங்கிலம் பேசும் நாடுகளில் இந்தத் தொழில் செய்பவரை ஆர்பரிஸ்ட் என்கிறார்கள். ஜப்பானில் 1991 முதல் மர மருத்துவர் என்றே ஒரு பட்டம் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் மர வல்லுநர் என்று வைத்துக்கொள்வோம்.

மரத்துக்குப் புண் ஆறாது

இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மீதியெல்லாம் தானாகவே புரிந்துவிடும்.

நம் கையில் வெட்டுப்பட்டால் செத்துப்போன தசை இருந்த அதே இடத்தில் புதுத் தசை வளர்ந்து அடைத்துக்கொள்கிறது. மரத்தால் அது முடியாது. ஒருமுறை உருவான கட்டை உருவானதுதான். அதில் அழுகல் பிடித்தால் அந்த இடத்தைப் புதுக் கட்டையால் நிரப்ப மரத்துக்கு வழி கிடையாது. அதனால் செய்ய முடிந்தது ஒன்றுதான்: காயம்பட்ட பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி, உள்ளே நுழைந்த பூஞ்சையைச் சிறை வைப்பது. அப்புறம் வெளிப்பக்கமாகப் புதுக் கட்டை வளர்த்து அந்தக் காயத்தை மூடிவிட்டு மேலே போவது. பழைய மரம் ஒன்றை அறுத்துப் பார்த்தால், ஐம்பது வருடத்துக்கு முன் பட்ட காயம் உள்ளே அப்படியே இருக்கும், நேற்றுப் பட்டது போல.

இதைத் தெளிவாகக் காட்டியவர் அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ. பொதுவாக மரத்தைக் குறுக்கே அறுத்துத்தான் வளையம் எண்ணுவார்கள். இவர் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்கு வாட்டில் பிளந்து பார்த்தார். அழுகல் எங்கே தொடங்கி எங்கே நின்றிருக்கிறது என்பதை அப்படித்தான் பார்க்க முடியும். மரம் நான்கு வகைச் சுவர்களை எழுப்புகிறது என்று 1977-இல் எழுதினார். மேலும் கீழும் பரவாமல் தடுப்பது முதல் சுவர், இதுதான் இருப்பதிலேயே பலவீனம். உள்நோக்கிப் பரவாமல் தடுப்பது இரண்டாவது. பக்கவாட்டில் தடுப்பது மூன்றாவது. காயம்பட்ட பிறகு புதிதாக வளரும் கட்டைக்கும் பழைய கட்டைக்கும் நடுவே எழுவது நான்காவது, அதுதான் எல்லாவற்றிலும் வலுவானது. அழுகல் தண்டுக்குள் மேலும் கீழுமாகக் குழாய் போல ஓடுவதற்கும், வெளியே பட்டை பளபளவென்று இருந்தும் உள்ளே பொந்தாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

சுவர் எழுப்ப மரம் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து செலவாகும். ஒரே நாளில் இருபது காயம் பட்டால், அதே நாளில் இலைகளும் பறிபோனால், சமையலறையும் போய்க் கையிருப்பும் கரைந்த நிலையில் மரம் இருபது இடத்தில் சுவர் கட்ட வேண்டும். மொட்டையடிப்பது என்றால் மரத்துக்கு இதுதான் நடக்கிறது.

அப்படியானால் நாலு மாதத்தில் வந்த அந்தப் பச்சைக் குடை? அது ஆரோக்கியம் இல்லை, பதற்றம். இலை அத்தனையும் போய்விட்டதால், பட்டைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த மொட்டுகளை மரம் ஒரே நேரத்தில் எழுப்பிவிடுகிறது. விவசாயிகள் நீர்ப்போத்து என்பார்களே, அந்த வகைத் துளிர்கள். இயல்பாக வளரும் கிளையின் அடிப்பகுதி தண்டுக்குள் ஆழமாகப் பின்னிப் பிணைந்திருக்கும். தண்டும் கிளையும் ஆண்டுக்கு ஆண்டு ஒன்றை ஒன்று போர்த்திக்கொண்டு தடித்திருக்கும். போத்துக்கு அந்தப் பிணைப்பு கிடையாது. அது வெளி ஓரத்தில் மட்டும் ஒட்டியிருக்கும், அதுவும் அழுகத் தொடங்கிய கட்டையின் ஓரத்தில். வருடா வருடம் கனம் மட்டும் ஏறும். எங்கள் பக்கத்து வீட்டு ஸ்கூட்டருக்கு நடந்தது இதுதான்.

முருங்கை மட்டும் எப்படித் தாங்குகிறது என்று கேட்கலாம். இளசிலிருந்தே வெட்டிப் பழக்கியது, கட்டை மென்மையானது, போத்து கனமாவதற்குள் மறுபடி வெட்டிவிடுகிறோம், அப்படியும் அது நூறு வருடம் நிற்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. நாற்பது வருட வேம்பிடம் அந்தக் கணக்கு செல்லாது.

ஒரு கிளையை எடுப்பது

மொட்டையடிக்கக் கூடாது, சரி. காய்ந்த கிளையோ கூரையில் உரசும் கிளையோ இருந்தால் எடுத்துத்தானே ஆக வேண்டும்? எடுக்கலாம். எங்கே வெட்டுவது என்பதில்தான் தொழில் இருக்கிறது.

கிளை தண்டோடு சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள். அடியில் லேசாக வீங்கி ஒரு காலர் போல இருக்கும். மேல்பக்கம், கவையில், பட்டை சுருங்கி ஒரு தழும்புக் கோடு இருக்கும். அந்த வீக்கம் கிளையுடையது இல்லை, தண்டின் திசு. அழுகலுக்கு எதிரான சுவரை மரம் எழுப்புவது அதற்குள்தான். ஆகவே அந்தக் காலருக்குச் சற்று வெளியே வெட்ட வேண்டும். காலரோடு சேர்த்துத் தண்டை ஒட்டி வழவழவென்று இழைத்துவிட்டால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சுவர் எழுப்பும் இடத்தையே சீவி எறிந்தாயிற்று. காலரிலிருந்து ஒரு முழம் தள்ளி முளைக்குச்சி மாதிரி விட்டாலும் ஆபத்து. அந்தக் குச்சி செத்து, பூஞ்சைக்கு வாசற்படியாகிவிடும். நம் தெருவோரங்களில் இரண்டும் தாராளமாகக் காணக்கிடைக்கும்.

கனமான கிளையை ஒரே வெட்டில் எடுப்பதும் கிடையாது. அறுபடும்போது கிளை தன் எடையால் கீழே மடங்கி, தண்டின் பட்டையை இரண்டடி நீளத்துக்கு உரித்துக்கொண்டு விழும். அதனால் மூன்று வெட்டு. முதலில் தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கம் கால்வாசி ஆழம். அப்புறம் அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழுவதும், பாரம் கீழே போய்விடும். மிஞ்சிய குச்சியைக் கடைசியாகக் காலருக்கு வெளியே நிதானமாக அறுத்தெடுக்க வேண்டும்.

வெட்டிய இடத்தில் தார் பூசுவதும், சாணி அப்புவதும், பொந்துக்குள் சிமெண்ட் அடைப்பதும் நல்ல மனதோடு செய்கிற காரியங்கள். மேல்நாட்டிலும் வெகு காலம் செய்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். தார் ஈரத்தை உள்ளே பிடித்து வைத்துப் பூஞ்சைக்கு வசதி செய்கிறது. காற்றில் மரம் அசையும்போது சிமெண்ட் அசையாது, உரசி உரசி உள்ளே இருக்கும் சுவரை உடைக்கிறது. மாந்தோப்பில் நோய்க்காக, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை பூசுவது தனி விஷயம், அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எவ்வளவு வெட்டலாம் என்பதற்கு மர வல்லுநர்கள் வைத்திருக்கும் பொது வரம்பு, ஒரு முறைக்குப் பச்சை இலையில் கால்வாசிக்கு மேல் போகக் கூடாது என்பது. முதிர்ந்த மரமென்றால் இன்னும் குறைவு. காற்றுக்குப் பயந்து உள்கிளைகளை எல்லாம் கழித்து நுனியில் மட்டும் இலை விடுவது இன்னொரு பழக்கம். பாரம் முழுவதும் நுனிக்குப் போய்விடுவதால் தூண்டில் கழி போல ஆடி முறியும். காற்றுக்காகக் குறைப்பதென்றால் நீண்ட கிளையின் நுனியைப் பின்னால் இழுத்து, ஓரளவு தடித்த ஒரு பக்கக் கிளை பிரியும் இடத்தில் வெட்ட வேண்டும். வேலை முடிந்த பிறகு பார்த்தால் மரம் வெட்டியது போலவே தெரியக் கூடாது. லாரி நிறையக் கிளை போகவில்லையே என்று காசு கொடுத்தவருக்கு வருத்தமாகக்கூட இருக்கும்!

தென்னை ஏறுபவர் இதில் சேருவாரா?

நம் ஊரில் மரம் ஏறத் தெரிந்தவர் என்றதும் தென்னை ஏறுபவரும் பனையேறியும்தான் நினைவுக்கு வருவார்கள். அவர்கள் திறமைக்கு ஈடே கிடையாது. ஆனால் தென்னையும் பனையும் உள்ளுக்குள் மரமே இல்லை. இது என் கண்டுபிடிப்பு இல்லை, தொல்காப்பியத்தில் மரபியல் என்ற பகுதியில் இருக்கிறது. வெளியே வைரம், அதாவது கெட்டியான கட்டை, உள்ளவை புல், உள்ளே வைரம் உள்ளவை மரம் என்று பிரிக்கிறது. புறக்காழ், அகக்காழ் என்பது அதன் சொல். இன்றைய தாவரவியலும் தென்னையைப் புல்லின் பக்கத்து உறவாகத்தான் வைக்கிறது.

பிரிவு வெறும் பெயரில் இல்லை. வேம்பின் பட்டைக்கு அடியில் சுற்றிலும் மெல்லிய வளர்படலம் ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு தண்டைத் தடிக்க வைப்பதும் காயத்தை மூடுவதும் அதுதான். தென்னைக்கு அது கிடையாது. ஏறுவதற்குப் படி வெட்டினால் அந்த வெட்டு மரம் இருக்கும்வரை மூடாது, சிவப்புக் கூன்வண்டு அதன் வழியே உள்ளே போகும். வளரும் மொட்டும் உச்சியில் ஒன்றே ஒன்று, அது போனால் மரம் போச்சு. தென்னையின் தலையைப் பார்க்கும் அறிவும், வேம்பின் கவையைப் பார்க்கும் அறிவும் வேறு வேறு. அதே சமயம், உயரத்துக்கு அஞ்சாத அந்தக் கால்களுக்குக் கயிறும் இடுப்புவாரும் கொடுத்து, கிளைக் காலர் எங்கே என்று காட்டிக்கொடுத்தால், நமக்கு வேண்டிய மர வல்லுநர்கள் அங்கிருந்தே கிடைப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

மண்ணுக்கு அடியில்

மேலே தெரியும் மரத்தைக் கண்ணாடியில் பார்த்தது போல வேர் கீழே இறங்குகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெரும்பாலான மரங்களுக்கு வேரில் பெரும்பங்கு மேல்மண்ணிலேயே, இரண்டடி ஆழத்துக்குள், படுக்கைவாட்டில் ஓடுகிறது. கிளை பரவியிருக்கும் எல்லையையும் தாண்டிப் போகும். வேருக்கும் மூச்சு விட வேண்டும், ஆழத்தில் காற்று குறைவு.

இப்போது நம் நடைபாதைகளை நினைத்துப் பாருங்கள். அடிமரம் வரை சிமெண்ட், ஒரு பக்கம் மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம், மறுபக்கம் கேபிளுக்குப் பள்ளம். இரண்டு பக்கமும் பிடிப்பு வேர் அறுந்த மரம் புயல்வரை நிற்கும், புயலில் விழும். பழி புயலுக்குப் போகும். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் சிமெண்டை அகற்றச் சொல்லித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் உத்தரவு போட்டது இதற்காகத்தான்.

ஆலமரம் வேறு கதை. சாலைக்கு இடைஞ்சல் என்று விழுதுகளை அறுத்துவிடுகிறோம். அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989-இல் சாய்ந்தது. மரம் இன்னும் இருக்கிறது, விழுதுகளின் மேல்.

வீடு கட்டும்போது அடிமரத்தைச் சுற்றி மண் நிரப்பி மேடாக்குவதும் வேரை மூச்சுமுட்ட வைக்கும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் யானைக்கால் போல விரிந்து வேராகப் பிரிவது தெரிய வேண்டும். தந்திக்கம்பம் நட்டது போல நேராக மண்ணுக்குள் இறங்கினால் ஏதோ சரியில்லை. மர வல்லுநர் வந்ததும் முதலில் குனிந்து அங்கேதான் பார்ப்பார். நாம் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்போம்.

பொந்து இருந்தால் வெட்டிவிட வேண்டுமா?

இந்தத் தொழிலில் வெட்டும் நேரத்தைவிடப் பார்க்கும் நேரம் அதிகம். அடியில் விசிறி போல நாய்க்குடை முளைத்திருக்கிறதா, இரண்டு சமமான தண்டுகள் ஆங்கில வி எழுத்து போல நெருக்கமாகப் பிரிந்து நடுவில் பட்டை மாட்டிக்கொண்டிருக்கிறதா, சாய்வு பழையதா புதியதா, சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்திருக்கிறதா என்று சுற்றிச் சுற்றி வருவார். மரச்சுத்தியால் தட்டி ஓசை கேட்பார். தேவைப்பட்டால் மெல்லிய ஊசி போன்ற துரப்பணத்தை உள்ளே செலுத்தி, கட்டை எவ்வளவு எதிர்க்கிறது என்று அளப்பார். தண்டைச் சுற்றி உணரிகள் பொருத்தி ஒலி அலையால் உட்புறத்தைப் படம் எடுக்கும் கருவியும் உண்டு.

பொந்து என்றாலே வெட்டு என்பதில்லை. மிதிவண்டிக் குழாயும் உள்ளே காலிதான், வளைகிறதா? கணக்குப்படி, வட்டமான தண்டின் ஆரத்தில் உள்ளே பாதி காலியாகிவிட்டால்கூட வளைவைத் தாங்கும் வலிமையில் பதினாறில் ஒரு பங்குதான் குறைகிறது. ஆரத்தில் பத்துக்கு ஏழு பங்கு காலியானால் ஏறக்குறையக் கால்வாசி குறையும். கிளாஸ் மத்தெக் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் பல மரங்களை ஆராய்ந்து, சுற்றுச்சுவர் ஆரத்தில் பத்தில் மூன்று பங்காவது இருக்க வேண்டும் என்று ஒரு கைக்கணக்குச் சொன்னார். ஒரு பக்கம் வெடித்துத் திறந்த பொந்துக்கு இது பொருந்தாது, சர்ச்சையும் உண்டு. ஆனாலும் “உள்ளே பொந்து, வெட்டிடுங்க” என்ற ஒற்றை வரித் தீர்ப்புக்கு இது எவ்வளவோ மேல்.

விழுந்தால் எதன் மேல் விழும் என்பதும் கணக்கில் சேரும். ஏரிக்கரையில் ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் நிற்கும் பட்டமரத்தை ஆந்தைக்கும் மைனாவுக்கும் விட்டுவிடலாம். அதே மரம் பள்ளிக்கூட வாசலில் நின்றால் முடிவு வேறு.

இவ்வளவு பார்த்தும் தப்பிப்போவது உண்டு. சிங்கப்பூர் இந்த விஷயத்தில் கண்டிப்பான ஊர். 2001 முதல் மரபுச் சின்ன மரங்கள் என்று பட்டியலிட்டுப் பாதுகாக்கிறார்கள். குறிப்பிட்ட சில பகுதிகளில் ஒரு மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது. அங்கே தாவரவியல் பூங்காவில் 270 வருடங்களுக்கு மேல் வயதான, சுமார் 40 மீட்டர் உயரமுள்ள தெம்புசு மரம் ஒன்று 2017 பிப்ரவரி 11 அன்று வேரோடு சாய்ந்ததில் ஒரு பெண் இறந்தார். சில மாதங்களுக்கு முன் நடந்த சோதனையில் மரம் நலமாக இருப்பதாகத்தான் தெரிந்திருந்தது. அடியில் இருந்த அழுகல் விழுந்த பிறகே வெளிப்பட்டது. ஆகவே, “இந்த மரம் விழவே விழாது” என்று உத்தரவாதம் தருபவரை நம்பாதீர்கள். நல்ல வல்லுநர் ஆபத்து அதிகமா குறைவா என்பார், காரணம் சொல்வார், மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார்.

யாரைக் கூப்பிடுவது

தரையில் நின்றபடி கைக்கத்தரியாலோ சின்ன ரம்பத்தாலோ எட்டுகிற வேலை, பூச்செடி, வேலி, புல், தொட்டி, உரம், புதிதாக மரக்கன்று நடுவது எல்லாம் தோட்டக்காரருடையது. கன்று நட்ட முதல் நாலைந்து வருடம் அவர் கையில்தான் மரத்தின் எதிர்காலமே இருக்கிறது. பையில் சுருண்டிருக்கும் வேரை விரித்து நடுவதும், ஆழமாகப் புதைக்காமல் இருப்பதும், பென்சில் கனத்தில் இருக்கும்போதே ஒன்றோடொன்று மோதும் இரண்டு தலைத்தண்டில் ஒன்றைக் கிள்ளிவிடுவதும் அவர் செய்தால், பின்னால் வல்லுநருக்குப் பாதி வேலை மிச்சம்.

ஏணி வைக்க வேண்டும், கயிறு கட்டி இறக்க வேண்டும், கிளை கை கனத்தைத் தாண்டுகிறது, கூரையோ மின்கம்பியோ பக்கத்தில் இருக்கிறது, மரம் திடீரென்று சாய்ந்திருக்கிறது என்றால் அது தோட்டக்காரர் வேலை இல்லை. அவர் சம்மதித்தாலும் ஏற்றாதீர்கள். இருநூறு ரூபாய் அதிகம் தருகிறேன் என்று அறுபது வயதுக்காரரை லுங்கியோடு அரிவாளைக் கொடுத்து மரத்தில் ஏற்றுகிறோமே, அதை நினைத்தால் இப்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மின்கம்பி உரசினால் மின்வாரியத்துக்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்தாமல் யாருமே ஏறக் கூடாது. தெருவோர மரம் என்றால் மாநகராட்சியோ நகராட்சியோதான் தொடலாம். வீட்டுக்குள் நிற்கும் மரத்தை வெட்டவும் சில ஊர்களில் அனுமதி வேண்டும், முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

வருபவர் வல்லுநர்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மரவல்லுநர்களுக்கான சர்வதேசச் சங்கம் ஒன்று 1924-இல் அமெரிக்காவில் தொடங்கி, 1992 முதல் தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறது. இந்தியாவில் அந்தச் சான்றிதழ் உள்ளவர்கள் அரிது. நம் சிற்றூர்களில் தேடினால் அலுத்துப்போகும். அதனால் நான் பேச்சை வைத்துக் கணிக்கிறேன். மரத்தைப் பார்க்காமலே போனில் விலை சொல்பவரும், வெட்டிய விறகைத் தனக்கே தரச் சொல்லி அதற்குக் கூலியைக் குறைத்துக்கொள்பவரும் வேண்டாம். விறகுக்கு வெட்டுபவர் கனமான கிளையைத்தான் தேடுவார். எந்தக் கிளை, எதற்காக, எந்த இடத்தில் என்று வெட்டுவதற்கு முன்பே கையைக் காட்டிச் சொல்கிறாரா பாருங்கள். காலில் ஆணி மாட்டிக்கொண்டு ஏறுபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். வெட்டி அகற்றப் போகும் மரத்துக்குத்தான் அது சரி, வாழப்போகும் மரத்துக்கு ஒவ்வொரு அடியும் ஒரு காயம்.

எங்கள் வேம்புக்குக் கடைசியில் ஓர் இளைஞர் வந்தார். தலைக்கவசம், இடுப்புவார், இரண்டு கயிறு. முதல் முக்கால் மணி நேரம் ரம்பத்தையே எடுக்கவில்லை, மரத்தைச் சுற்றினார், ஏறினார், இறங்கினார். மொட்டையடித்த மற்ற இடங்களில் முளைத்திருந்த போத்துகளில் பிடிப்பு நன்றாக உள்ள சிலவற்றைக் கிளையாக வளர விட்டார். சிலவற்றை நீளம் குறைத்தார். நாலைந்தை மட்டும் அடியோடு எடுத்தார். இரண்டு வருடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், ஒரே தடவையில் இதைச் சரிசெய்ய முடியாது என்றார். கீழே உதிரும் இலையைக் கூட்டி எரிக்காமல் அடிமரத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் பரப்பிவிடச் சொன்னார். அந்த வேலை பெரியவருக்கு.

பெரியவர் காலையிலிருந்து எதுவும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இளைஞர் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். “ஐயா, எங்க வீட்டு மல்லிகை மொட்டெல்லாம் செவந்து செவந்து கொட்டுது. என்ன பண்றதுன்னே தெரியல” என்றார்.

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “கவாத்து எந்த மாசம் பண்ணீங்க?”